கிருமி போன பிறகும் நோய் ஏன் நிற்பதில்லை? பாக்டீரியா வெசிகிள்கள் பற்றி ஓர் இழை

கீழவாசல் எழுதியது:

வணக்கம். நான் கணக்கு வழக்கு பார்க்கிற ஆள், மருத்துவம் படித்தவன் அல்ல. எங்கள் சித்தப்பாவுக்குச் சிறுநீரகத்தில் தொற்று வந்து இரத்தத்தில் கலந்துவிட்டது. ஐசியுவில் இருந்து பிழைத்து வந்தார், இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார். ஒரு கேள்வி மட்டும் எனக்குள் நிற்கிறது. முதலில் எடுத்த இரத்தக் கல்ச்சரில் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்தது. ஆன்டிபயாடிக் ஏற்றிய பிறகு எடுத்ததில் ஒன்றுமே வளரவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் பிரஷர் தூக்கவில்லை, சிறுநீர் சரியாக இறங்கவில்லை. டாக்டரிடம் கேட்டால், "கிருமி போயாச்சு, அது விட்டுட்டுப் போனதுதான் இன்னும் உடம்புல இருக்கு" என்றார்.

அது என்ன விட்டுவிட்டுப் போனது என்று தேடினேன். பாக்டீரியா உயிரோடு இருக்கும்போதே தன் மேல்சவ்விலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்களை உதிர்க்கும், அவற்றுக்கு வெசிகிள் என்று பெயர், அவற்றில் நச்சு இருக்கும் என்று படித்தேன். இது உறுதியான விஷயமா, இல்லை இன்னும் ஆராய்ச்சியில் இருப்பதா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

சித்தப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்தது சந்தோஷம் கீழவாசல். ஐசியு நர்ஸா சொல்றேன், நீங்க சொல்றதை நாங்க தினமும் பார்க்கிறோம். கல்ச்சர் ரிப்போர்ட்ல "நோ குரோத்" வந்திருக்கும், நாங்க அந்தப் பக்கம் பிரஷரைத் தூக்குற நார்அட்ரினலின் மருந்தோட டோஸைக் கூட்டிக்கிட்டே இருப்போம். உறுப்புகள் திணறுறதைக் காட்டுற லாக்டேட் அளவு இறங்காது.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். கல்ச்சர்ல வளரலைன்னா உடம்புல கிருமியே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. மருந்து ஏறின பிறகு எடுத்த இரத்தத்துல வளராம போறது சகஜம். கிட்னியிலயோ வேற எங்கயோ சீழ் கட்டி உள்ளே உட்கார்ந்திருக்கலாம். நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தாறுமாறா ஓடி உறுப்புகளைக் கெடுக்கிறதும் உண்டு. வெசிகிள் இதுல எவ்வளவு பங்குன்னு பெட்ரித்தட்டு அக்கா வந்து சொல்லட்டும், அவங்க துறை அது.

---

பெட்ரித்தட்டு எழுதியது:

கூப்பிட்டதற்கு நன்றி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.

ஈ.கோலை, காலரா, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ், சூடோமோனாஸ் மாதிரி கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள். உள்சவ்வு, வெளிச்சவ்வு, நடுவில் பெப்டிடோகிளைகான் என்ற மெல்லிய வலை. வெளிச்சவ்வின் வெளிப்பக்கம் முழுக்க லிப்போபாலிசாக்கரைடு, சுருக்கமாக எல்பிஎஸ். எண்டோடாக்சின் என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். பாக்டீரியா செத்தாலும் இது சாகாது, ஏனென்றால் இது உயிருள்ள பொருளே அல்ல, கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு மூலக்கூறு. நம் வெள்ளணுக்களுக்கு இதன் வாடை பட்டாலே போதும், காய்ச்சல் வரும், இரத்தக்குழாய் தளரும், பிரஷர் விழும்.

வெளிச்சவ்வை உள்ளே இருக்கும் வலையோடு பிடித்துவைத்திருப்பது பிரவுன் லிப்போபுரோட்டீன் என்ற சின்னப் புரதம். மெத்தையில் இடையிடையே போடும் தையல் மாதிரி. தையல் விட்ட இடத்தில் துணி உப்பி மேலே வரும் இல்லையா, அப்படி அந்தப் பிடி இல்லாத இடத்தில் வெளிச்சவ்வு உப்பி, கழுத்து சுருங்கி, தனிக் குமிழாகக் கழன்றுவிடும். அதுதான் வெசிகிள். அளவு சுமார் 20 முதல் 250 நானோமீட்டர். ஓர் ஈ.கோலை ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளம் என்பதால், சாதாரண நுண்ணோக்கியில் பாக்டீரியா தெரியும், குமிழ் தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

உப்புவதற்கு வேறு வழிகளும் உண்டு. 2016இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நம் உடம்பு கிருமிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் ஒளித்துவைக்கும், இது நமது பழைய தற்காப்பு. இரும்பு கிடைக்காத காலரா கிருமி, வெளிச்சவ்வைச் சீராக வைத்திருக்கும் ஒரு புரத அமைப்பைக் குறைத்துவிடுகிறது. வெளியடுக்கில் பாஸ்போலிப்பிடு சேர்ந்து, சவ்வு உப்பி, வெசிகிள் அதிகமாகக் கழல்கிறது. அதாவது நம் உடம்புக்குள் வந்து பட்டினி கிடக்கும் நேரத்தில்தான் கிருமி அதிகமாக உதிர்க்கிறது.

உள்ளே என்ன இருக்கும் என்றால், எல்பிஎஸ் கட்டாயம் இருக்கும், அதுதான் சவ்வே. அதோடு நச்சுப் புரதங்கள், நொதிகள், டிஎன்ஏ, ஆர்என்ஏ. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒரு வகை ஈ.கோலை எல்டி என்ற நச்சைச் சுரக்கும், காலரா நச்சின் நெருங்கிய உறவு அது. 2000இல் ஹார்ஸ்ட்மனும் மெட்டா கூனும் பார்த்தபோது, வெளியே வரும் எல்டியில் பெரும்பகுதி தனியாக மிதக்கவில்லை, வெசிகிளில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நச்சே குடல் செல்லின் மேல் இருக்கும் ஜிஎம்1 என்ற கொழுப்பைப் பிடித்துக்கொள்ள, முழு வெசிகிளும் செல்லுக்குள் போய்விடுகிறது.

நோய் என்று வரும்போது இதில் முக்கியமானது தூரம். சூடோமோனாஸ் நுரையீரலின் சளிக்குள்ளேயே கிடக்கும், கீழே இருக்கும் செல்லைத் தொடக்கூடத் தொடாது. ஆனால் அதன் வெசிகிள்கள் சளியைத் தாண்டி இறங்கி, சிஃப் என்ற புரதத்தைச் செல்லுக்குள் சேர்த்துவிடும். அந்தப் புரதம் குளோரைடு கடத்தும் வாயிலை செல்லின் மேற்பரப்பிலிருந்து குறைத்துவிடுகிறது. சளி இன்னும் கெட்டியாகிறது. 2009இல் பாம்பர்கர் குழுவினர் இதைக் காட்டினார்கள்.

---

கரிசல்காட்டான் எழுதியது:

ஊசிமருந்து தயாரிக்கும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எண்டோடாக்சின் என் அன்றாட வேலை. அதனால் அதன் கொடுமை பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. 0.22 மைக்ரான் வடிகட்டியில் பாக்டீரியா நிற்கும், எண்டோடாக்சின் நிற்காது. அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தாலும் அழியாது. கண்ணாடிக் குப்பியை 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தால்தான் எங்களுக்கு நிம்மதி. ஊசியில் போகும் மருந்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 5 எண்டோடாக்சின் யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி.

என் சந்தேகம் வேறு. பாக்டீரியா சாகும்போது சவ்வு கிழியும். கொழுப்புச் சவ்வு தண்ணீரில் கிழிந்தால் தானாகவே உருண்டு மூடிக்கொள்ளும், அது இயற்பியல். அப்படி உருண்ட குப்பையை எடுத்து "பாக்டீரியா வேண்டுமென்றே அனுப்பிய ஆயுதம்" என்று எழுதுகிறார்களோ? இரண்டாவது, குடுவையில் வளர்த்து, செறிவூட்டி, எலிக்கு ஊசி போட்டால் எலி சாகத்தான் செய்யும். அவ்வளவு எல்பிஎஸ்ஸைத் தனியாகப் போட்டாலும் சாகும். மனித உடம்பில் இது நடக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

---

பெட்ரித்தட்டு எழுதியது:

சரியான கேள்விகள் கரிசல்காட்டான் அண்ணா. துறைக்குள்ளேயே பல காலமாக இருந்த சண்டை இது.

நாங்கள் வெசிகிள் பிரிக்கும் விதத்தைச் சொன்னால் உங்கள் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று மற்றவர்களுக்கும் புரியும். கிருமியைக் குடுவையில் வளர்த்து, சாதாரண சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி உடல்களை அடியில் தள்ளிவிடுவோம். மேலே நிற்கும் தெளிந்த திரவத்தை வடிகட்டி, தட்டில் ஒரு சொட்டு பரப்பி, ஒரு காலனிகூட வளரவில்லை என்று மறுநாள் உறுதி செய்வோம். பிறகு அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ், புவியீர்ப்பைப் போல ஒன்றரை லட்சம் மடங்கு, சில மணி நேரம். லிட்டர் கணக்கில் வளர்த்ததற்குக் குழாயின் அடியில் லேசாகப் பழுப்பேறிய, கண்ணாடி மாதிரி ஒரு படலம் மிஞ்சும். வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அதில் வெசிகிள் மட்டும்தான் இருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கிருமி நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் துண்டு, புரதக் கட்டி, செத்த செல்லின் மிச்சம் எல்லாம் சேர்ந்து வரும். அதனால்தான் அடர்த்தி வாரியாக மறுபடியும் பிரிக்காத ஆய்வுகளை நானும் நம்புவதில்லை.

ஆனால் குப்பை மட்டும்தான் என்றால், எல்லாப் புரதமும் எல்லா விகிதத்திலும் இருக்க வேண்டும். அப்படி இல்லை. ஈறுநோய் உண்டாக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸைப் பாருங்கள். ஜின்ஜிபெய்ன் என்ற புரதம் அரிக்கும் நொதிகள் அதன் வெசிகிளில் குவிந்து கிடக்கின்றன. அதே வெளிச்சவ்வில் ஏராளமாக இருக்கும் வேறு சில புரதங்கள் வெசிகிளுக்குள் வருவதே இல்லை. தேர்வு நடக்கிறது.

அதே நேரம் உங்கள் இயற்பியலும் வீண் போகவில்லை. 2016இல் சிட்னியிலிருந்து வந்த ஓர் ஆய்வில், சூடோமோனாஸ் செல் ஒன்று தன் சுவரைத் தானே கரைத்து நொடிகளில் வெடிப்பதையும், சிதறிய சவ்வுத் துண்டுகள் உருண்டு வெசிகிளாவதையும் நேரடியாகப் படம் பிடித்தார்கள். ஆகவே இரண்டு பாதையும் உண்டு. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால், குமிழ் மொட்டுவிட்டு வந்ததா, வெடித்து வந்ததா என்பது அவ்வளவு பெரிய வேறுபாடும் இல்லை. அதில் இருக்கும் நச்சு ஒன்றுதான்.

இதில் ஒரு பெருமையும் சொல்ல வேண்டும். 1967லேயே கல்கத்தாவில் எஸ். என். சாட்டர்ஜியும் ஜே. தாஸும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காலரா கிருமியைப் பார்த்து, நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் செல்லிலிருந்தே சுவர்ப்பொருள் உப்பி வெளியேறுகிறது, இது சிதைவு அல்ல என்று எழுதினார்கள். ஈ.கோலையில் ஓரிரு ஆண்டு முன்பே இங்கிலாந்தில் இதே மாதிரி பார்த்திருந்தார்கள். ஆனால் உயிருள்ள செல்லின் இயல்பான செயல் இது என்று அவ்வளவு தெளிவாகச் சொன்ன முதல் கட்டுரைகளில் கல்கத்தாக் கட்டுரை ஒன்று. நம் பல்கலைக்கழகப் பாடங்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லையே என்று எனக்கு வருத்தம்.

---

வடதுருவத்தான் எழுதியது:

வணக்கம். நான் இருக்கிறது ஒஸ்லோவில, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில வேலை. மனிச உடம்பில ஆதாரம் எங்க எண்டு கேட்டிருந்தீங்கள். அதுக்கு மெனிஞ்சோகாக்கஸை விட நல்ல உதாரணம் இல்லை, அதுவும் இஞ்ச நோர்வேயில நடந்ததுதான்.

1970களின்ர நடுவில இருந்து இஞ்ச பி வகை மெனிஞ்சோகாக்கஸ் பரவினது. மூளைக்காய்ச்சல் ஒரு பக்கம், அதை விடப் பயங்கரம் இரத்தத்தில பெருகுறது. காலமை காய்ச்சல் எண்டு படுத்த பெடியன் பின்னேரம் உயிரோட இல்லை, அப்பிடிப்பட்ட வருத்தம். ஒஸ்லோவில பெட்டர் பிராண்ட்செக் எண்ட வைத்தியர் 1980களில நோயாளிகளின்ர பிளாஸ்மாவில, அதாவது இரத்தத்தின்ர நீர்ப்பகுதியில, எண்டோடாக்சினை அளந்து பாத்தார். எவ்வளவு கூடவோ அவ்வளவுக்கு அதிர்ச்சியும் உறுப்புச் செயலிழப்பும் சாவும் கூட. வேற கிருமியளால வாற செப்சிஸில (தொற்றால உறுப்புகள் கெடுற நிலை) இவ்வளவு நேரான தொடர்பு காண ஏலாது.

இந்தக் கிருமி மற்றக் கிருமியளை விட ஆகக்கூடக் குமிழ் விடுற சாதி. 1973இல டிவோவும் கில்கிறிஸ்டும் வளருற நேரமே மெனிஞ்சோகாக்கஸ் எண்டோடாக்சினைச் சவ்வுக் கொப்புளங்களா விடுகுது எண்டு காட்டிப்போட்டினம். 2002இல நாமோர்க்கும் பிராண்ட்செக்கும் இந்த வருத்தத்தில செத்த ஒரு நோயாளியின்ர பிளாஸ்மாவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில வைச்சுப் பாத்து லான்செட் மருத்துவ இதழில படம் போட்டவை. கிருமியைச் சுத்திவர, அதின்ர சவ்விலயே ஒட்டிக்கொண்டும் கழண்டும், குமிழுகள். குடுவையில வளர்த்தது இல்லை, எலியும் இல்லை. மனிசன்ர இரத்தம்.

---

இரவுப்பணி எழுதியது:

வடதுருவத்தான் அண்ணா சொன்னதோட இதையும் சேர்த்துக்கிறேன், படிக்கிறவங்க யாருக்காவது உதவும். காய்ச்சலோட உடம்புல செந்நிறமா, ஊதாவா புள்ளி வந்தா, ஒரு கண்ணாடி டம்ளரோட பக்கத்தை அந்தப் புள்ளி மேல வெச்சு அழுத்திப் பாருங்க. சாதாரணத் தடிப்பு அழுத்தினா மறையும். இது மறையாது, ஏன்னா தோலுக்கு அடியில இரத்தம் கசிஞ்சு நிக்குது. மறையலைன்னா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. கறுப்புத் தோல்ல புள்ளி சரியா தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமை உள்பக்கம் பாருங்க. புள்ளியே வராமலும் இந்த நோய் வரும், அதனால குழந்தை சோர்ந்து போய் கை கால் சில்லுன்னு இருந்தா புள்ளிக்காகக் காத்திருக்காதீங்க.

---

கீழவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க ஒரு பயம் வருகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி வெடிக்கும், வெடித்தால் இன்னும் அதிகக் குமிழ். அப்படியானால் மருந்தே நோயைக் கூட்டுகிறதா? வீட்டில் இதைச் சொன்னால், மருந்து வேண்டாம் என்று கிளம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

---

பெட்ரித்தட்டு எழுதியது:

அந்த ஆட்களுக்கு இந்தப் பதிவை அப்படியே காட்டுங்கள் கீழவாசல்.

சில மருந்துகள் வெசிகிளைக் கூட்டுகின்றன என்பது உண்மைதான். சூடோமோனாஸுக்கு ஜென்டமைசின் கொடுத்தால் வெசிகிள் அதிகமாகிறது என்று கனடாவில் கடுருகமுவாவும் பெவரிட்ஜும் 1995லேயே காட்டினார்கள். ஆனால் செப்சிஸில் மருந்து கொடுக்காவிட்டால் கிருமி இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும், அத்தனையும் உதிர்க்கும். மேலே சொன்ன மெனிஞ்சோகாக்கஸ் நோயாளிகளிலேயே பார்த்திருக்கிறார்கள். மருந்து ஏறிய பிறகு இரத்தத்தில் எண்டோடாக்சின் ஏறவில்லை, மணிக்கு மணி இறங்கியது. உற்பத்தி செய்யும் இடத்தை மூடியாகிவிட்டது, இருப்பதை உடம்பு மெல்லத் துடைக்கிறது. உங்கள் டாக்டர் சொன்ன "விட்டுட்டுப் போனது" இந்தத் துடைக்கும் காலத்தைத்தான் என்று நினைக்கிறேன். கிருமியின் மிச்சம் போனாலும் அது கிளப்பிவிட்ட அழற்சியும், அடிபட்ட சிறுநீரகமும் தேறுவதற்கு இன்னும் நாள் எடுக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஷிகா நச்சு உண்டாக்கும் ஈ.கோலை. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயம் மூலம் பரவியது, நினைவிருக்கலாம். 3,800 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள், எண்ணூறுக்கும் அதிகமானவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஓ104:எச்4 என்ற அந்தக் கிருமியின் வெசிகிள்களை மூன்ஸ்டரில் ஆராய்ந்தபோது ஷிகா நச்சு அவற்றுக்குள் இருந்தது, குடல் செல்கள் அவற்றை உள்வாங்கிக்கொண்டன. ஷிகா நச்சின் மரபணு, பாக்டீரியாவுக்குள் தூங்கும் ஒரு வைரஸில் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி டிஎன்ஏவைத் தாக்கும் மருந்து அந்த வைரஸை எழுப்பிவிடும், நச்சும் கூடும், வெசிகிளும் கூடும். அதனால்தான் இரத்தமாகப் போகும் வயிற்றுப்போக்குக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறோம். எந்தக் கிருமி என்று டாக்டர் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

---

கரிசல்காட்டான் எழுதியது:

சிதைவு பற்றிய பதில் ஏற்கத்தக்கது. மெனிஞ்சோகாக்கஸ் படமும் வலுவான ஆதாரம்.

இனி என் பக்கத்துக் கேள்வி. எண்டோடாக்சின்தான் வில்லன் என்றால், அதைத் தடுத்த மருந்துகள் வேலை செய்திருக்க வேண்டும். 1990களில் எச்ஏ-1ஏ என்ற ஆன்டிபாடி, பெரிய எதிர்பார்ப்போடு வந்து விழுந்தது. எரிட்டோரான் என்ற மருந்து, எல்பிஎஸ் வந்து உட்காரும் டிஎல்ஆர்4 ஏற்பியின் பாதையை அழகாக அடைக்கிறது. 2013இல் பெரிய சோதனையின் முடிவு வந்தது, உயிரிழப்பு குறையவில்லை. இரத்தத்தை பாலிமிக்சின் பூசிய குழல் வழியாக ஓடவிட்டு எண்டோடாக்சினைப் பிடிக்கும் முறை ஜப்பானில் 1994லிருந்து இருக்கிறது. 2018இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில் அதுவும் இறப்பைக் குறைக்கவில்லை. வெசிகிள்காரர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

---

பெட்ரித்தட்டு எழுதியது:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் அண்ணா.

எல்பிஎஸ்ஸைக் கண்டுபிடிக்கும் இடம் செல்லின் மேற்பரப்பில் மட்டும் இருக்கிறது என்று நெடுநாள் நினைத்திருந்தோம், அதாவது டிஎல்ஆர்4. 2013இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின: டிஎல்ஆர்4 இல்லாத எலியும், முன்கூட்டியே அதன் எதிர்ப்பு சக்தியைத் தூண்டி வைத்திருந்தால், எல்பிஎஸ்ஸால் செத்துப்போகிறது. காரணம் செல்லுக்கு உள்ளே, சைட்டோபிளாசத்தில் இருக்கும் காஸ்பேஸ்-11 என்ற நொதி. மனிதரில் அதற்கு இணை காஸ்பேஸ்-4, காஸ்பேஸ்-5. எல்பிஎஸ் உள்ளே வந்து இதில் ஒட்டினால் செல் தன் சவ்வில் ஓட்டை போட்டுக்கொண்டு வெடித்துச் சாகும். அழற்சி பெரிதாகப் பரவும்.

உடனே ஒரு புதிர் எழுந்தது. ஈ.கோலை செல்லுக்கு வெளியே வாழும் கிருமி. அதன் எல்பிஎஸ் சைட்டோபிளாசத்துக்குள் எப்படிப் போகும்? 2016இல் வனஜாவும் உடன் ஆய்வாளர்களும் 'செல்' இதழில் விடை எழுதினார்கள். வெசிகிள். செல் அதை விழுங்குகிறது, விழுங்கிய பையிலிருந்து எல்பிஎஸ் சைட்டோபிளாசத்துக்குக் கசிகிறது, காஸ்பேஸ்-11 விழித்துக்கொள்கிறது. வெசிகிள் குறைவாக உண்டாக்கும்படி மாற்றிய ஈ.கோலையில் இந்த விளைவும் குறைந்தது. குப்பையா ஆயுதமா என்ற உங்கள் முதல் கேள்விக்கும் இது ஒரு பதில்தான்.

இப்போது எரிட்டோரானைப் பாருங்கள். அது முன்வாசலை அடைத்தது, வெசிகிள் வேறு வாசலில் போகிறது. அந்த மருந்து தோற்றதற்கு இது ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். செப்சிஸ் நோயாளிகளில் பலருக்குக் காரணம் கிராம் நெகட்டிவ் கிருமியே அல்ல, மருந்து போய்ச்சேர்ந்த நேரமும் பிந்தியிருக்கும். ஆனால் உள்வாசலையும் சேர்த்து யோசிக்காத மருந்து பாதி வேலைதான் செய்யும் என்பது என் உறுதியான கருத்து.

---

தேன்மொழி எழுதியது:

நான் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிறேன் அக்கா. எங்கள் வகுப்பில், வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்கு வெசிகிள் கிடையாது, தடித்த சுவரைத் தாண்டி எப்படி வரும் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் வெசிகிள் என்று கட்டுரைகள் வருகின்றன. எது சரி?

---

பெட்ரித்தட்டு எழுதியது:

கட்டுரைகள் சரி தேன்மொழி. நாங்கள் படித்த காலத்திலும் அதைத்தான் சொன்னார்கள். 2009இல் கொரியாவில் கோ குழுவினர் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் வெசிகிள்களைப் பிரித்து, அவற்றின் புரதங்களைப் பட்டியலிட்ட பிறகு அந்தப் பேச்சு மாறியது. அடுத்த ஆண்டே ஆந்த்ராக்ஸ் கிருமியின் வெசிகிளில் ஆந்த்ராக்ஸ் நச்சின் பாகங்கள் கிடைத்தன. 2011இல் காசநோய்க் கிருமி. இவை வெளிச்சவ்விலிருந்து வருபவை அல்ல, உள்சவ்விலிருந்து வருபவை. சுவரைக் கரைக்கும் நொதிகள் அங்கங்கே வழி திறந்துவிடுகின்றன என்பது இப்போதைய விளக்கம்.

நீ படிக்க வேண்டிய கட்டுரை ஒன்று நம் நாட்டிலிருந்தே இருக்கிறது. ஐஐடி மும்பையில் அனிர்பன் பானர்ஜியின் ஆய்வகம், 2016. குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பல பெண்களின் பிறப்புறுப்பில் தொல்லை கொடுக்காமல் வாழும் கிருமி. கிருமி மேலே கருப்பைக்குள் ஏறினால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தோம். இவர்கள் கர்ப்பிணி எலிகளின் பிறப்புறுப்பில் வெசிகிளை மட்டும் வைத்தார்கள், உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. வெசிகிள்கள் மேலே ஏறின. பனிக்குடச் சவ்வில் வெசிகிள் பட்ட இடத்தில் கொலாஜன் சிதைந்தது, செல்கள் செத்தன, சவ்வு வலுவிழந்தது. வெசிகிளைப் பனிக்குடத்துக்குள்ளேயே செலுத்தியபோது குட்டிகள் குறைமாதத்தில் பிறந்தன, சில இறந்தே பிறந்தன. எலிதான், மனிதர் அல்ல, அதை மறக்கக் கூடாது. ஆனால் பனிநீரில் கிருமியே வளராத குறைப்பிரசவங்கள் ஏன் என்ற பழைய கேள்விக்கு இது ஒரு வழி காட்டுகிறது.

கிராம் நெகட்டிவ் பக்கம் என்டிஎம்-1ஐயும் பார்த்துவிடு. கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் மருந்துகளையே உடைத்துப்போடும் நொதி. 2010இல் லான்செட் குழும இதழில் அது இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டனில் பரவியிருப்பதைச் சொன்ன கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. பெயரில் (நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்) டெல்லி வந்தது பற்றி நாடாளுமன்றம் வரை சத்தம், கிருமியைப் பற்றிய பேச்சு அதில் அமுங்கிப்போனது. அந்த நொதிக்கு ஒரு விசேஷம் உண்டு. இதே வகையில் மற்ற நொதிகள் இரு சவ்வுகளுக்கும் நடுவே மிதக்கும். என்டிஎம்-1க்கு ஒரு கொழுப்பு வால் இருக்கிறது, அது வெளிச்சவ்வில் ஊன்றிக்கொள்ளும். 2016இல் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் வீலா குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். சவ்வில் ஊன்றியிருப்பதால் சவ்வு குமிழாகும்போது நொதியும் குமிழோடு போகிறது. வெளியே வந்தும் மருந்தை உடைக்கிறது. பக்கத்தில் எதிர்ப்பே இல்லாத கிருமி இருந்தால் அதுவும் பிழைத்துக்கொள்கிறது. ஆய்வகத் தட்டில் "மருந்துக்குக் கட்டுப்படும்" என்று வந்த கிருமி நோயாளியிடம் கட்டுப்படாமல் போவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கலாம்.

---

இரவுப்பணி எழுதியது:

அக்கா, அப்போ இரத்தத்துல வெசிகிள் எவ்வளவு இருக்குன்னு பார்க்க டெஸ்ட் ஏதாவது வந்திருக்கா? இருந்தா எங்களுக்கு எவ்வளவு உதவியா இருக்கும்.

---

பெட்ரித்தட்டு எழுதியது:

படுக்கை ஓரத்தில் செய்கிற அளவுக்கு இல்லை. நம் செல்களும் இதே அளவில் வெசிகிள் விடும், பிளாஸ்மாவில் கொழுப்புத் துகள்களும் இதே அளவில் மிதக்கும், அவற்றிலிருந்து பாக்டீரியாவுடையதைப் பிரிப்பதுதான் பாடு. 2020இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் அடர்த்தி, அளவு இரண்டையும் வைத்துப் பிரித்து அளந்தார்கள். குடல் அழற்சி நோய், எச்ஐவி, புற்றுநோய் சிகிச்சையால் குடல் புண்ணானவர்கள், இவர்களின் இரத்தத்தில் எல்பிஎஸ் உள்ள பாக்டீரியா வெசிகிள் அதிகம். குடல் சுவர் பலவீனமானால் கிருமி வராவிட்டாலும் அதன் குமிழ் இரத்தத்துக்கு வந்துவிடுகிறது.

குடலில் வருவதெல்லாம் கெட்டது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் என்ற குடல்வாசியின் வெசிகிளைக் கொடுத்த எலிகளுக்குக் குடல் அழற்சி தணிந்தது, 2012இல் கலிஃபோர்னியாவில் பார்த்தது.

---

வடதுருவத்தான் எழுதியது:

ஒரு விசயம் விடுபட்டுப்போச்சு, தடுப்பூசி. பி வகை மெனிஞ்சோகாக்கஸின்ர மேலுறைச் சர்க்கரை எங்கட நரம்புச் செல்லில இருக்கிற சர்க்கரையைப் போலவே இருக்கும். அதால மற்ற வகையளுக்குச் செய்த மாதிரி சர்க்கரையை வைச்சு ஊசி செய்ய ஏலாது. அப்ப கியூபாக்காரரும் நோர்வேக்காரரும் செய்தது என்னெண்டால், அந்தக் கொல்லுற குமிழையே எடுத்து, டிடர்ஜென்டால எல்பிஎஸ்ஸின்ர பெரும்பகுதியைக் கழுவிப்போட்டு, மிச்சப் புரதங்களோட ஊசியா ஏத்தினது. இஞ்ச 1988இல தொடங்கி ஒரு லட்சத்து எழுபதினாயிரம் பள்ளிப் பிள்ளையளில சோதிச்சவை. பாதுகாப்பு 57 வீதம். போதாது எண்டு நாடு முழுக்கக் குடுக்கேல்ல. ஆனா அந்தத் தொழில்நுட்பம் நியூசிலாந்துக்குப் போச்சு. அங்க பரவின வகைக்கெண்டே செய்த மென்இசட்பி ஊசியை 2004இல இருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இளம் ஆக்களுக்குப் போட்டினம்.

பிறகு ஆரும் எதிர்பாக்காத ஒண்டு. அந்த ஊசி போட்ட ஆக்களில, பாலுறவால தொத்துற கொனோரியா குறைவாக் கிடந்தது. 2017இல லான்செட்டில வந்த கணக்குப்படி 31 வீதப் பாதுகாப்பு. ரெண்டும் நைசீரியா குடும்பம், வெளிச்சவ்வுப் புரதங்கள் கனக்க ஒண்டைப் போல ஒண்டு. அதே நியூசிலாந்து வெசிகிள் இப்ப பி வகை மெனிஞ்சோகாக்கஸுக்கான பெக்ஸ்செரோ ஊசிக்குள்ளயும் இருக்கு. இங்கிலாந்தில 2025 ஓகஸ்டில இருந்து, கொனோரியா தொத்தக்கூடிய ஆபத்துக் கூடின ஆக்களுக்கு அதைக் குடுக்கத் தொடங்கியிருக்கினம். கொனோரியாவுக்கு மருந்துகள் ஒவ்வொண்டாக் கேக்காமல் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில 31 வீதமும் பெரிய விசயம்தான்.